பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்த காந்தியடிகள்

கம்பத்தினின்றும் மலைப்பாதை ஏறி, கம்பம்மெட்டுச் சாவடியைக் கடந்து, ஏலத்தோட்டங்களிடையே வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் செல்வம் என்று சொல்லிக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அது நம் பிள்ளைகளே. நிலமும் வீடும் சிலர்க்கே வாய்த்தன. பிள்ளைகள் அனைவர்க்கும் வாய்த்துள்ளனர். அப்பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிப் பருவத்தை எய்தியுள்ளனர். மீசை அரும்பும் பருவம். பெற்றோர் சொல் கசக்கும் பருவம். ஆயினும் உள்ளத்தில் நல்லது பதிந்தால் என்றும் அழியாத பருவம்.

சென்ற ஆண்டு விழாவுக்குப் பின்னர் நம் காலனியில் எழுந்த ஒரு பேச்சை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் சிறியவர்களை அடித்தனர். விளக்கு ஒன்றை உடைத்தனர். கேட்டபோது அஞ்சாமல் பொய் சொன்னார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பிரம்பு ஒன்று வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் ஒரு சாரார். அப்பிள்ளைகளை நீக்கிவிட்டு நல்ல பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொள்வோம், இல்லையேல் நம் பிள்ளைகளும் கெடுவர் என்றார் மற்றொரு சாரார். முடிவு ஏற்படாமலே கூட்டம் கலைந்தது.

அன்று நாம் வாய் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்திய வாரத்தில்தான், பொய் சொன்னான் என்பதற்காக நம் மகனை நாமே கை ஓங்கி அடித்திருந்தோம். அடித்த பிறகு அவன் பொய் சொல்வதை நிறுத்தினான் என்று சொல்ல நமக்கு ஆசைதான். ஆனால் அவன் நம்மோடு பேசுவதையே நிறுத்தினான் என்பதுதான் உண்மை. எனவே பிரம்பை ஆதரிக்கவும் நா எழவில்லை. எதிர்க்கவும் துணிவு வரவில்லை.

நாம் கல்வி நூல் கற்றவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு நின்று, புகைவண்டி நிலையத்தில் கணக்கும் பயணச்சீட்டுமாகக் காலம் கழித்து வருபவர். ஆயினும் அந்த நாள் முதல் இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. விடை தேடிப் பல நூல்களைப் புரட்டியபோது, நாம் எல்லோரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையில், நாம் அறியாதிருந்த ஒரு பகுதி கண்ணிற்பட்டது. அவர் காந்தியடிகள். விடுதலைப் போரின் தலைவராக அவரை அறிவோம். முரட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளி நடத்திய ஆசிரியராக அவரை அறிந்தவர் சிலரே. அப்பிள்ளைகளுள் பலர், நம்மைப் போலவே பிழைக்க வந்த இடத்தில் வாழ்ந்த தமிழர்களின் பிள்ளைகள் என்பது நமக்கு மேலும் நெருக்கமான செய்தி. அவ்வரலாற்றை அறிந்த அளவில் இங்கே கூற முற்படுகின்றோம்.

அடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி திவான் பதவி வகித்தவர். அன்னையார் புத்லிபாய் நோன்புகளில் பற்று மிக்கவர். குடும்பம் ராஜ்கோட்டுக்குப் பெயர்ந்த பின்னர் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். ஆல்பிரட் உயர்நிலைப் பள்ளி என வழங்கிப் பின்னாளில் அடிகளின் பெயரையே தாங்கிய அப்பள்ளி, 2017இல் மூடப்பெற்று, 2018இல் அவர்தம் நினைவு கூறும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது.

அடிகள் முதல் மாணவராய் விளங்கியவரல்லர். கூச்சம் மிக்க பிள்ளை. மணி அடிக்கும்போது பள்ளிக்குள் நுழைவார். மீண்டும் மணி அடித்ததும், யாரேனும் கேலி செய்வார்களோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவிடுவார். சிறு வகுப்பில் பயின்ற நாளில் ஒருமுறை அவர் அடி வாங்கியதுண்டு. அடியின் வலியை அவர் பெரிதாக எண்ணவில்லை. அவ்வடிக்குத் தாம் உரியவர் என்று ஆசிரியர் கருதிவிட்டாரே என்பதுதான் அவரைத் தேம்பித் தேம்பி அழச் செய்தது. பிள்ளையின் மானம் தோலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்பதற்கு இச்சிறு நிகழ்ச்சியே சான்று.

உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் கைல்ஸ் என்னும் ஆய்வாளர் வந்தார். எழுத்துக்கூட்டி எழுதுமாறு ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தார். ஒரு சொல்லை அடிகள் பிழையாக எழுதினார். வகுப்பாசிரியர் தம் காலணியின் நுனியால் அவரைத் தொட்டு, பக்கத்துப் பிள்ளையின் பலகையைப் பார்த்து எழுதுமாறு குறிப்புக் காட்டினார். பார்த்து எழுதாமல் தடுப்பதற்காகவே ஆசிரியர் நிற்கிறார் என்று எண்ணியிருந்த அப்பிள்ளைக்கு அக்குறிப்பு விளங்கவேயில்லை. மற்றப் பிள்ளைகள் யாவரும் சரியாக எழுதினர். அவர் ஒருவரே அறிவிலி ஆனார். நேர்மைக்குக் கிடைத்த பரிசு கண்டனம். ஒழுக்கம் வேண்டும் என்று பேசும் ஆசிரியர்களும் பெற்றோர்களும், மதிப்பெண் என்று வரும்போது காலணி நுனியால் வேறு பாடம் கற்பிக்கின்றோமா என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி என்னும் பார்சிப் பெரியவர். கண்டிப்பு மிக்கவர், ஆயினும் மாணவர் அன்பைப் பெற்றவர். அவர் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கினார். நோயுற்ற தந்தையாருக்குப் பணிவிடை செய்ய வேண்டியிருந்ததால் அடிகளுக்கு அதில் நாட்டமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்கு வரவேண்டும். கையில் கடிகாரம் இல்லை, வானம் மூடியிருந்தது, நேரம் தெரியாமல் காலந்தாழ்ந்து சென்றார். அதற்குள் பிள்ளைகள் கலைந்துவிட்டனர். மறுமுறை தலைமையாசிரியர் காரணம் வினவியபோது நடந்ததை நடந்தவாறே சொன்னார். அவர் நம்பவில்லை, ஓரணாவோ இரண்டணாவோ தண்டம் விதித்தார். அடிகளை வாட்டியது காசு அன்று. பொய்யன் என்னும் பெயர். உண்மை பேசுவோன் விழிப்புடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதை அன்று தாம் உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். முடிவில் அத்தண்டம் நீக்கப்பெற்றது. கண்டிப்பான தலைமையாசிரியரும் ஒரு பிள்ளையின் சொல்லுக்கு மீண்டும் காது கொடுத்தார் என்பதை நாம் கருத வேண்டும்.

வடமொழி ஆசிரியர் கிருஷ்ணசங்கர பாண்டியா என்பவர் வேலை வாங்குவதில் கடுமையானவர். பாரசீக மொழி எளிது என்று பிள்ளைகள் பேசக் கேட்டு, அடிகள் ஒருநாள் அந்த வகுப்பில் போய் அமர்ந்துகொண்டார். பாண்டியா சினந்து ஓலை அனுப்பவில்லை. வருந்தினார், அழைத்தார், என்ன இடர்ப்பாடு என்று கேட்டார், தம்மால் இயன்றவரை கற்பிப்பதாகச் சொல்லித் திரும்பி வருமாறு வேண்டினார். அவ்வன்பின் முன் அப்பிள்ளை நாணித் தலைகுனிந்து பழைய வகுப்புக்கே மீண்டார். அதற்காக அவ்வாசிரியரை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைத்தார்.

ஆசிரியர் தந்தவை இவை. தந்தையார் தந்த பாடம் இவற்றினும் பெரிது. அடிகளுக்கு அப்போது வயது பதினைந்து. தமையனார் பட்ட கடன் ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய். அதைத் தீர்ப்பதற்காகத் தமையனார் கையில் கிடந்த பொற்காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். கடன் தீர்ந்தது, உள்ளம் தீரவில்லை. நாவால் சொல்லத் துணிவின்றி, குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தக்க தண்டனை தருமாறு வேண்டி, நோயுற்று மரப்பலகையில் கிடந்த தந்தையாரின் கையில் கொடுத்தார். தந்தையார் எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சிறிது நேரம் கண்ணை மூடிச் சிந்தித்தார். பின்னர்த் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓர் அடியும் அடிக்கவில்லை. அந்தக் கண்ணீரே மகனைக் கழுவித் தூய்மையாக்கியது. அத்தந்தையார் 1885இல் மறைந்தார். அவர் கற்பித்த முறை மறையவில்லை. அது பல ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்த நாட்டில் மீண்டும் தோன்றியது.

நிற்க. அடிகள் 1888இல் இங்கிலாந்து சென்று வழக்கறிஞர் பட்டம் பெற்று 1891இல் திரும்பினார். 1893இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புப் பயணச்சீட்டு கையில் இருந்தும் நிறத்தின் காரணமாகப் பீட்டர்மாரிட்சுபர்க் நிலையத்தில் அவர் வண்டியினின்று தள்ளப்பெற்ற செய்தியை, புகைவண்டித் தொழிலில் உள்ள நாம் படிக்கும்போதெல்லாம் தலைகுனிகின்றோம். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். 1894இல் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து அடிகளின் அறைவாயிலில் வந்து நின்ற பாலசுந்தரமும் தமிழரே. அதுமுதல் தமிழர் துயரமும் அடிகள் துயரமும் ஒன்றாயின.

டிரான்சுவாலில் இந்தியரைக் கைரேகை வைத்துப் பதிவுசெய்து இழிவுபடுத்தும் சட்டம் வந்தபோது அறப்போர் மூண்டது. தமிழர் பலர் சிறை சென்றனர். சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பது எவ்வாறு? அடிகளின் நண்பர் ஹெர்மன் காலன்பாக், செருமனி நாட்டிலிருந்து வந்த யூதர், கட்டடக்கலை வல்லுநர். அவர் ஜோகன்னஸ்பர்க்கினின்று 21 கல் தொலைவில் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தை 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வாடகையின்றி அளித்தார். டால்ஸ்டாய்ப் பண்ணை என்று அதற்குப் பெயர் வைத்தனர். தமிழர், தெலுங்கர், குசராத்தியர், வடநாட்டார், இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்துவர் என எல்லோரும் அங்கே ஒரு குடும்பமாயினர். இளைஞர் நாற்பதின்மர் அளவில் இருந்தனர். இருபது முதல் முப்பது பிள்ளைகள். அவர்களுள் நால்வர் ஐவர் பெண்கள். அப்பிள்ளைகளுக்காகவே பள்ளி ஒன்று எழுந்தது. சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைக்கப் பொருள் இல்லை. அடிகளும் நண்பர்களுமே ஆசிரியர்கள்.

பண்ணையில் வேலைக்காரர் என்று ஒருவரும் இல்லை. சமையல் முதல் மலம் அகற்றுவது வரை எல்லாவற்றையும் அங்கிருந்தோரே செய்தனர். பிள்ளைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். காலன்பாக் டிராப்பிஸ்டு துறவிகளின் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார், அவரிடமிருந்து அடிகள் கற்றார், பிள்ளைகளும் கற்றனர். அங்கே ஓர் உறுதியான விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத ஒன்றைச் செய்யுமாறு பிள்ளைகளை ஏவலாகாது. பிள்ளை மண்வெட்டி எடுத்தால் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் மண்வெட்டியோடு நிற்பார். ஆகவே வேலையை வெறுத்தவர் குறைந்தனர். விளையாட்டாகவே செய்தவர் மிகுந்தனர்.

புகைவண்டி பற்றிய விதி நமக்கு மிகவும் பிடித்தது. பண்ணையின் வேலைக்காக நகரம் செல்வோர் மூன்றாம் வகுப்பில் செல்லலாம். பொழுதுபோக்குக்காகச் செல்வோர் நடந்தே போதல் வேண்டும். கட்டுச்சோறு கொண்டு போதல் வேண்டும். நகரில் உணவுக்குக் காசு செலவிடலாகாது. பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு, ஆறேழு மணி நேரத்தில் அந்த 21 கல்லையும் நடந்து கடந்தனர். விதி வகுத்தவரும் நடந்தார் என்பதால் பிள்ளைகள் முணுமுணுக்கவில்லை.

நண்பகல் உணவுக்குப் பின்னரே வகுப்புகள். காலை முழுதும் உழைத்த களைப்பால் ஆசிரியர்க்கும் உறக்கம், மாணவர்க்கும் உறக்கம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பு அடிகளின் மேல் விழுந்தது. அவர் அறிந்த தமிழோ மிகச் சிறிது. கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப்பின் கைநூலைக் கொண்டு கற்ற அளவே. அப்பிள்ளைகள் அவரினும் நன்றாகத் தமிழ் பேசினார்கள். ஆயினும் எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தார். தம் அறியாமையை மறைக்க அவர் முயலவில்லை. தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன் ஒப்புக்கொண்டார். அதனால் மதிப்புக் குறையவில்லை; அன்பு பெருகியது. வீட்டில் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது அதட்டி வாயடைக்கும் நம்மைப் போன்ற தந்தையர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, நம் காலனியில் எழுந்த இரண்டு யோசனைகளும் அப்பண்ணையிலும் எழுந்தன என்பதைக் கூறுவோம்.

பண்ணைப் பிள்ளைகளுள் சிலர் முரடர், சிலர் சோம்பேறிகள், கெட்ட பழக்கம் உடையவர். அடிகளின் புதல்வர்களும் அவர்களோடுதான் இருந்து பழகினார்கள். ஒருநாள் காலன்பாக் இதனைக் கண்டித்தார். தீய பிள்ளைகளோடு பழகினால் உம் மக்களும் கெடுவர், இம்முறை நமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடிகள் சிந்தித்து மறுத்தார். தம் மக்களுக்கும் அப்பிள்ளைகளுக்கும் தாம் ஒத்த பொறுப்புடையவர் என்றார். கையில் காசு கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டால் நகரத்துக்கு ஓடிப் பழைய வழியிலேயே விழுவர் என்றார். பிறரினும் நாம் உயர்ந்தவர் என்னும் எண்ணம் தம் மக்களுக்குச் சிறுவயதிலேயே ஏற்படலாகாது என்றும் கருதினார். கலந்து பழகியதால் தம் மக்கள் கெடவில்லை. உயர்வு எண்ணம் இருந்தால் அது தேய்ந்தது என்று பிற்காலத்தில் பதிவு செய்தார். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். நல்லவரையும் அல்லாதவரையும் சேர்த்து வைக்கும்போது பெற்றோரும் காப்பாளரும் இமை கொட்டாது காவல் செய்தல் வேண்டும். சேர்த்து வைத்துவிட்டுப் பெரியவர்கள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது அவர் சொன்ன முறையன்று.

அடுத்து, பிரம்பு. பண்ணையில் ஓர் இளைஞன் இருந்தான். வயது பதினேழு இருக்கும், கட்டுமத்தான உடல். அடங்காதவன், பொய் சொல்வான், எல்லோருடனும் சண்டையிடுவான். ஒருநாள் அவன் மிகவும் மீறினான். அடிகள் பொறுமையாக எடுத்துரைத்தார். அவன் கேளாமல் ஏமாற்றவும் முயன்றான். பக்கத்தில் இருந்த ரூல்தடியை எடுத்து அவன் கையில் ஓர் அடி அடித்தார். அடிக்கும்போது அடிகளின் கை நடுங்கியது. அந்நடுக்கத்தை அவனும் கண்டான். அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியால் அழவில்லை, விரும்பினால் திருப்பி அடித்திருக்கக்கூடிய வலிமை அவனுக்கு உண்டு. தம்மை அடிக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தோமே என்பதற்காக அழுதான். அதன் பிறகு அவன் சொல் கேட்டான்.

பார்த்தீர்களா, அடி பயன் தந்ததே என்று சிலர் கூறலாம். அடியாத மாடு படியாது என்பது நம் ஊர்ப் பழமொழி. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த தந்தையரும் நம் மரபில் உண்டு. ஆனால் அடித்தவர் அவ்வாறு கருதவில்லை. அன்று தம்முள் இருந்த ஆன்மாவையன்று, விலங்கையே அவனுக்குக் காட்டினோம் என்று வருந்தினார். அவனைத் திருத்தியது அடியன்று, அடியில் தெரிந்த வேதனை என்று உணர்ந்தார். அதன்பின் ஒருபோதும் ரூல்தடியைத் தொடவில்லை. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் வதைப்பதையும் விலக்கியிருக்கிறது. சட்டம் சொல்வதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஓர் ஆசிரியரின் மனச்சான்று அதனைச் சொல்லிவிட்டது.

அடிகளைத் தெய்வமாக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. அவர் செய்த ஒரு செயல் நம் உள்ளத்துக்கு உடன்பாடாகவில்லை. அதனை மறைத்தல் முறையுமன்று. பண்ணைப் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் ஊற்றில் ஒரே நேரத்தில் நீராடச் சென்றனர். ஒருநாள் இளைஞன் ஒருவன் இரண்டு பெண்களைக் கேலி செய்தான். அடிகள் இளைஞர்களைக் கண்டித்தார். அத்துடன் நில்லாது, காண்போர் கண்ணில் தீய எண்ணம் எழாதிருக்க வேண்டும் என்று கருதி, அப்பெண்களின் நீண்ட கூந்தலை வெட்டிக்கொள்ளச் செய்தார். முதலில் அப்பெண்கள் இசையவில்லை. பெரியோர் சொல்லிப் பின் இசைந்தனர். அவரே தம் கையால் வெட்டினார். அதன்பின் கேலி எழவில்லை என்று எழுதினார். இத்தகைய சோதனையைப் பிறர் பின்பற்றலாகாது என்றும் எச்சரித்தார். குற்றம் செய்தவன் ஒருவன். கூந்தல் இழந்தவர் வேறு இருவர். இது நீதியாகுமா? ஆகாது என்றே நாம் கருதுகின்றோம். நம் காலனியிலும் பையன் கேலி செய்தால் பெண்ணின் படிப்பை நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பெரியவர் செய்த பிழையும் நமக்குப் பாடமே.

1913இன் தொடக்கத்தில் டால்ஸ்டாய்ப் பண்ணை கலைந்தது. பிள்ளைகள், டர்பனுக்கு அருகே 1904இல் அடிகள் தோற்றுவித்த போனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றனர். ஒருமுறை அடிகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபோது, அங்கு வாழ்ந்தோருள் இருவர் ஒழுக்கத்தில் வழுவினர் என்னும் செய்தி எட்டியது. அறப்போரில் தோல்வி என்று கேட்டிருந்தாலும் அவர் அவ்வளவு கலங்கியிருக்கமாட்டார். அன்றே வண்டி ஏறினார். அவர் நிலையைக் கண்ட காலன்பாக் தனியே விடாமல் உடன் சென்றார். வண்டியில் செல்லும்போதே அடிகள் சிந்தித்தார். ஒப்படைக்கப்பட்ட பிள்ளை வழுவினால் அதில் காப்பாளனுக்குப் பங்கில்லையா? அவர் தம் மனைவியார் முன்பே எச்சரித்திருந்தும் தாம் நம்பிக்கையால் பொருட்படுத்தாது விட்டதை நினைத்தார். தண்டனை தமக்கே என்று முடிவு செய்தார். ஏழு நாள் உண்ணாநோன்பு. அதன்பின் நாலரைத் திங்கள் நாளுக்கு ஒரு வேளை உணவு. காலன்பாக் தடுத்துப் பார்த்தார்; முடியாமல் தாமும் உடன் நோற்றார்.

மரப்பலகையில் கிடந்த தந்தையாரின் கண்ணீர் இங்கே வேறு வடிவில் வந்தது என்பதை அன்பர்கள் காண்பர். நோன்பு தொடங்கியதும் பிள்ளைகள் மீது இருந்த சினம் அகன்று இரக்கம் நிறைந்தது என்றும், எல்லோரும் பாவத்தின் கொடுமையை உணர்ந்தனர் என்றும், பிள்ளைகளுக்கும் தமக்கும் இடையே பிணைப்பு உறுதியாயிற்று என்றும் அடிகள் எழுதினார். ஆயினும் மாணவர் வழுவும்போதெல்லாம் ஆசிரியர் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்மையான அன்புப் பிணைப்பு இல்லாதவிடத்து நோன்பு வீண். கேடாகவும் முடியும் என்றார். நோன்பு பொருந்துமோ பொருந்தாதோ, மாணவன் தவற்றுக்கு ஆசிரியனுக்கும் பொறுப்பு உண்டு என்பதில் ஐயமில்லை என்று முடித்தார்.

அடிகள் 1914 சூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்கினார். போனிக்ஸ் பிள்ளைகள் இந்தியா வந்து, இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனத்தில் சில காலம் தங்கினர். 1915இல் அடிகள் அங்கே சென்றார். சம்பளச் சமையற்காரர்களை விடுத்து மாணவரும் ஆசிரியருமே சமைத்து, பாத்திரம் துலக்கி, வளாகத்தைத் தூய்மை செய்தால் என்ன என்று கேட்டார். ஆசிரியர் இசைந்தால் தமக்கும் உடன்பாடே என்றார் தாகூர். மார்ச் 10ஆம் நாள் வேலை தொடங்கியது. அங்கிருந்த மாணவர் நூற்றிருபத்தைந்து பேர். எல்லோரும் மகிழ்ந்து செய்தனர் என்று சொல்வதற்கில்லை, களைத்தவரும் உண்டு. சில காலத்தில் அம்முயற்சி நின்றது. எனினும் அந்த நாளைக் காந்தி புண்ணிய நாள் என்று கொண்டு, சாந்திநிகேதனத்தார் ஆண்டுதோறும் தம் கையால் வளாகத்தைத் தூய்மை செய்யும் வழக்கம் நிலைத்தது.

பின்னர் நாடு முழுதும் அவர் பள்ளியாயிற்று. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி என்னும் ஆதாரக் கல்வி முறையை வகுத்தளித்தார். டால்ஸ்டாய்ப் பண்ணையின் மண்வெட்டியும் செருப்பூசியும் அதற்கு வித்து. 1948 சனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி நம் படிப்பகத்துக்கு வருவோம். பிரம்பு வாங்குவதா, பிள்ளைகளை நீக்குவதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வரலாறு ஒரே விடை தருகின்றது. பெரியவர்கள் உடன் இருத்தல் வேண்டும். காலையில் ஜீப்பேறித் தோட்டத்துக்குச் சென்று மாலையில் களைத்து வரும் தாய்மார்க்கு இதனைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆனால் வார விடுமுறையில் வெறுமனே பொழுது கழிக்கும் தந்தையர் இல்லையா? வாரத்துக்கு ஒரு மாலை ஒருவர் என முறை வைத்துக்கொண்டால் படிப்பகத்தில் ஒரு பெரியவர் இல்லாத நாளே இராது. மேற்பார்வை என்று நாற்காலியில் அமர்வதற்கன்று. பிள்ளைகளோடு கூடிப் பெருக்கவும், கிழிந்த நூலை ஒட்டவும், உடைந்த விளக்கை மாற்றவும், தெரியாத பாடத்தைத் தெரியாது என்று சொல்லி அவர்களிடமே கேட்டுக் கற்கவும் வருவதற்கே. விளக்கை உடைத்த பிள்ளைகளும் வரட்டும். அவர்களை நீக்கினால் அவர்கள் எங்கே போவர் என்பது நம் எல்லோர்க்கும் தெரியும். பிள்ளைகள் கூடித் தாமே நான்கு விதி வகுக்கட்டும். ஆனால் அவ்விதி பெரியவர்களையும் கட்டுப்படுத்தட்டும். அவர்கள் பொய் சொல்லலாகாது எனின், கடன் கேட்டு வந்தவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு நாம் பிள்ளையை ஏவுதல் கூடாது.

நம் மகன் செய்தியைச் சொல்லி முடிப்போம். இவ்வரலாற்றைப் படித்த சில நாள் கழித்து, விடுமுறையில் வீடு வந்தபோது, அவனை அழைத்து, அடித்தது நம் பிழை என்று சொன்னோம். தந்தை மகனிடம் இவ்வாறு சொல்வது நம் வீட்டு வழக்கமன்று, நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் உடனே எதுவும் பேசவில்லை. மாலையில் சங்கத்துக்கு நூல் ஒட்டப் புறப்பட்டபோது, பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உடன் வந்தான். வழியில், தான் முன்பு சொன்னது பொய்தான் என்று அவனாகவே சொன்னான்.

வரும் முதற் சனிக்கிழமை மாலை நாம் படிப்பகத்தில் இருப்போம். அடுத்த சனிக்கிழமைக்கு ஒருவர் முன்வருக.